அண்ணனின் மைக்கைக் கேட்காத ஆன்டெனா

அண்ணி இந்த வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே அவளைப் பற்றித் தப்பான ஒரு செய்தி வந்து சேர்ந்திருந்தது.

"பொண்ணு ஆன்டெனா வேலை பாக்குதும்மா" என்று அண்ணன் சொன்னதும் அம்மா பதறிவிட்டாள்.

"கூரை மேலயெல்லாம் ஏறுமாடா? தவறி விழுந்து கைகால் ஒடிஞ்சா யாரு பாக்கறது?"

"ஏறாதும்மா. கம்ப்யூட்டர்ல வரையும். அதைப் பார்த்து வேற ஆளுங்க செய்வாங்க."

"வரையறதுக்கு அதுல என்னடா இருக்கு? ஒரு கம்பிதானே?"

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அண்ணி இந்த வீட்டில் பாதி வருஷங்களைக் கழித்தாள் என்று சொன்னால் மிகையில்லை. சலிக்காமல் சொல்வாள். கையில் கிடைத்ததை வைத்துச் சொல்வாள். கரண்டி, சாவிக்கொத்து, குடைக்கம்பி. கடைசிவரை அம்மா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டுவிட்டு, "சரிம்மா, சாப்பிடு" என்பாள்.

நாத்தனார் என்றால் அண்ணியைப் பற்றி நாலு குறை சொல்வாள் என்று எதிர்பார்ப்பவர்கள் உண்டு. என்னிடம் வந்து ஏமாந்து போனவர்கள் நிறையப் பேர். குறையே இல்லாதவள் இல்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நம் முகத்தைத் தாண்டி எங்கோ பார்ப்பாள். வீட்டில் ஒரு கத்தரிக்கோல் தங்காது. செம்புத் தகடு வெட்டி எல்லாவற்றையும் மொக்கையாக்கி வைத்திருப்பாள். ஆனால் தப்பென்று தெரிந்துவிட்டால் அதை ஒரு நிமிஷம்கூட மனசுக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷி. அதனால்தான் அவளைப் பற்றி எழுதத் தோன்றியது.

அண்ணன் விழாக்களுக்கு மைக் செட் போடுகிறவன். ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர், கம்பியில்லாத கைமைக், அதன் குரலை வாங்கித் தரும் ரிசீவர் எல்லாம் சொந்தமாக வைத்திருக்கிறான். "மைக் செட்டுக்காரர்" என்று யாராவது கூப்பிட்டால் முகம் லேசாகச் சுருங்கும். "ஒலியமைப்பாளர்" என்றால் மலரும். ஒரு கல்லூரி விழாவில் அவன் மேடை ஓரம் நின்றுகொண்டிருந்தபோது, மூன்றாம் வருஷம் படிக்கிற ஒரு பெண் நேராக வந்து, "அண்ணா, உங்க ரிசீவர் இரும்பு பீரோவுக்குப் பின்னாடி இருக்கு. மைக் விட்டு விட்டுக் கேக்கப் போகுது" என்றாளாம். இவன், "உங்க வேலையப் பாருங்கம்மா" என்றானாம். அவள் திரும்பிப் போனதும் ரிசீவரை எடுத்து மேசைமேல் வைத்தானாம். அதைத் தூரத்தில் நின்று அவள் பார்த்துவிட்டாள் என்பது இவனுக்குத் தெரியாது.

முதல் நாளே தன்னை அண்ணா என்று கூப்பிட்ட பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டவன் என் அண்ணன். இன்றைக்கும் யாராவது அதைச் சொல்லிக் கிண்டல் செய்தால் காது மடல் சிவந்துபோகும்.

அண்ணி வேலை பார்த்தது தகவல் தொடர்புக் கருவிகள் செய்யும் ஒரு கம்பெனியில். மருந்துக்கடையில் வேலை முடிந்து நான் வீட்டுக்குப் போகிற வழியில்தான் அண்ணன் வீடு. சாயங்காலம் தேநீர் குடிக்க நுழைந்தால் சாப்பாட்டு மேசைமேல் பச்சைப் பலகைகள் கிடக்கும். ஒவ்வொன்றிலும் செம்பில் ஒரு கோலம்: சதுரம், வளையம், வண்ணத்துப்பூச்சி மாதிரி ஒன்று. அதை நகர்த்திவிட்டுத்தான் டம்ளரை வைக்க வேண்டும்.

இது நடந்த வருஷம் அவள் செய்துகொண்டிருந்தது மீட்புப் படையினருக்கான ஒரு ரேடியோ. தீ விபத்து, கட்டட இடிபாடு என்று அவர்கள் ஓடும்போது, அவர்களுக்கென்று ஒதுக்கிய அலைவரிசையில் நெரிசல் வந்துவிடுகிறது. ஆளாளுக்குப் பேச, ஒருவர் சொல்வது மற்றவருக்குக் கேட்பதில்லை. அதே சமயம் வானத்தில் வேறு எத்தனையோ சேனல்கள் சும்மா கிடக்கின்றன. இந்தப் புது ரேடியோ முதலில் காது கொடுத்துக் கேட்கும். எந்தச் சேனலில் ஆள் இல்லையோ அதில் போய்ப் பேசும். உரியவர் வந்துவிட்டால் உடனே எழுந்து வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

"பஸ்ல ரிசர்வ் பண்ணின சீட்டு காலியா இருந்தா உக்காருவோமே, அது மாதிரி" என்றாள் அண்ணி. "ஆனா அவங்க வந்து தோளைத் தட்டற வரைக்கும் உக்காந்திருக்கக் கூடாது. தூரத்துல வரும்போதே எழுந்துடணும்."

"அதுக்கு ஆன்டெனா என்ன பண்ணணும் அண்ணி?"

"உடம்பை மாத்திக்கணும். ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஒவ்வொரு நீளம் வேணும். வண்டிக் கூரைமேல பத்து ஆன்டெனா வெக்க முடியுமா? அதனால ஒண்ணே ஒண்ணு. நடுநடுவுல குட்டி சுவிட்ச். சுவிட்சைப் போட்டா இந்தத் துண்டும் அந்தத் துண்டும் சேர்ந்து நீளமாகும். எடுத்தா குட்டையாகும். நீட்டி மடக்கற ஏணி இருக்குல்ல, அப்படி. ஆனா கண்ணிமைக்கறதுக்குள்ள."

அவள் அந்தப் பலகையைக் கையில் தூக்கிக் காட்டியபோது முகத்தில் இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. தாய் தன் குழந்தையின் முதல் பல்லைக் காட்டுகிற மாதிரி இருந்தது.

கம்பெனியின் சோதனை அறையில் அது எல்லாப் பரீட்சையிலும் தேறிவிட்டது. சுவரெல்லாம் நீல நிறக் கூம்புகள் ஒட்டிய அந்த அறைக்கு அண்ணி என்னை ஒருமுறை கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். உள்ளே பேசினால் நம் குரல் வாயை விட்டு வெளியே வந்ததும் செத்துப்போகும். அந்த அறையில் தேறியதை இனித் தெருவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு வேன் கூரையில் ஆன்டெனாவை மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அண்ணி, அவளுடைய மேனேஜர், டிரைவர். தெருத்தெருவாக நின்று, காலிச் சேனல் தேடி, பேசிப் பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தார்கள்.

அன்று சாயங்காலம் நானும் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணன் வந்தவன் ஸ்பீக்கர் பெட்டியை வாசலிலேயே இறக்கிவிட்டு, கைகூடக் கழுவாமல் உட்கார்ந்துவிட்டான். முகம் விழுந்து கிடந்தது.

"என்னங்க ஆச்சு?" என்றாள் அண்ணி.

"என்ன ஆகணும்? மானம் போச்சு."

ஒரு பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியைக்குப் பணி நிறைவு விழா. பழைய மாணவர் சங்கம் நடத்தியது. மண்டபம் நிறையக் கூட்டம். அந்த அம்மா பேச எழுந்து, நன்றாகத்தான் பேசிக்கொண்டிருந்தாராம். திடீரென்று மைக்கில் கரகரவென்று ஒரு சத்தம். அப்புறம் குரலே இல்லை. இவன் பேட்டரியை மாற்றினான். மைக்கையே மாற்றினான். வந்தது, போனது, வந்தது, போனது. சங்கத்துச் செயலாளர் எல்லோர் முன்னாலும் இவனை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டார்.

"அந்த அம்மாதான் பெரிய மனசு. மைக்கை என் கையில குடுத்துட்டு, 'இத்தனை வருஷம் இது இல்லாமதானே கத்தினேன்'னு சொல்லிட்டு, வெறும் தொண்டையிலயே பேசி முடிச்சாங்க. கடைசி வரிசை வரைக்கும் கேட்டுச்சு. ஆனா நான்? இத்தனை வருஷத்துல என் மைக் ஒரு தடவை நின்னதில்லை."

சாப்பிடத் தட்டில் கை வைத்த அண்ணி அப்படியே நிறுத்தினாள்.

"எந்த மண்டபம்?"

அண்ணன் சொன்னான்.

"மைக் எந்தச் சேனல்?"

அதையும் சொன்னான்.

அண்ணி எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். முந்தானையில் துடைத்தாள். துடைத்த கையையே மறுபடி துடைத்தாள். பிறகு, "அது நான்தாங்க" என்றாள்.

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை.

"எங்க வேன் அந்த மண்டபத்துக்குப் பின்பக்கத் தெருவுலதான் நின்னுச்சு. அந்தச் சேனல்ல ஆள் இல்லைன்னு எங்க ரேடியோ சொல்லிச்சு. நாங்க பேசினோம். உங்க மைக்கை அமுக்கிட்டோம்."

நான் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கத்துவான் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உன் ரேடியோதான் முதல்ல கேக்கும், அப்புறம்தான் பேசும்னு சொன்னியே" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டான். அதற்கு அவன் கத்தியிருக்கலாம்.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் பேச்சுவார்த்தை என் வழியாக நடந்தது. "உங்க அண்ணன்கிட்ட சாப்பாடு எடுத்து வெச்சிருக்குன்னு சொல்லு." "உங்க அண்ணிகிட்ட எனக்குப் பசிக்கலன்னு சொல்லு." இரண்டு பேரும் ஒரே அறையில்தான் இருப்பார்கள். நான் நடுவில் நின்று தலையைத் திருப்பித் திருப்பிக் கழுத்து வலி வந்ததுதான் மிச்சம்.

அண்ணி கம்பெனியில் விஷயத்தைச் சொன்னாள். மேனேஜர் கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் தலைக்குமேல் வேலை அவருக்கு. "ஒரே ஒரு மைக்தானே மேடம். அறிக்கையில ஒரு வரி போட்டுட்டு மேல போவோம்" என்றார். அண்ணி அதற்குச் சம்மதிக்கவில்லை. "சார், ஒரு மைக்கைக் கேக்காத காது இன்னொரு மைக்கையும் கேக்காது" என்றாள். அதோடு நில்லாமல், அந்தத் தலைமை ஆசிரியையை நேரில் பார்த்துச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தாள். துணைக்கு என்னைக் கூப்பிட்டாள்.

அவர் வீட்டு முன்னறையில் புத்தகங்கள் இன்னும் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடந்தன. அண்ணி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், அன்னிக்கு மைக் நின்னதுக்குக் காரணம் மைக் செட் போட்டவர் இல்ல. நான்" என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

அவர் கோபப்படுவார் என்று பார்த்தால், சுவாரசியமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நடுநடுவே குறுக்குக் கேள்வி வேறு. "ஏம்மா, என் குரல் தெருக்கோடி வரைக்கும் கேக்கும்பாங்க. உன் ரேடியோவுக்கு மட்டும் எப்படிக் கேக்காமப் போச்சு?"

"அதுதான் டீச்சர் எனக்கும் தெரியல. மைக்கோட சக்தி கம்மிதான். ஆனா அந்தத் தூரத்துக்குக் கேட்டிருக்கணும்."

"நான் என்ன தப்பாவா பேசினேன்? இதோ இப்படித்தானே…" என்று அவர் பக்கத்தில் இருந்த அளவுகோலை எடுத்தார். வாய்க்கு நேராக, படுக்கை வாட்டத்தில் நீட்டிப் பிடித்துக்கொண்டு இரண்டு வார்த்தை பேசினார். அப்புறம் அதை அப்படியே என் பக்கம் நீட்டி, "கடைசி வரிசையில என்ன பேச்சு?" என்றார். பள்ளிக்கூடத்தை விட்டு இருபது வருஷத்துக்குப் பிறகும் என் முதுகு தானாக நிமிர்ந்தது.

அண்ணி அந்த அளவுகோலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "டீச்சர், கையில இருந்த வரைக்கும் மைக்கை இப்படித்தான் பிடிச்சிருந்தீங்களா?"

"பிரம்பு பிடிச்ச கைம்மா. வேற எப்படிப் பிடிக்க வரும்?"

வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடந்தாள். நடந்துகொண்டே சொன்னாள். அலைகளுக்கும் நிற்கிற வாட்டம், படுக்கிற வாட்டம் என்று உண்டாம். நிமிர்ந்து நிற்கிற ஆன்டெனாவுக்கு நின்று வரும் அலை நன்றாகக் கேட்கும். படுத்து வரும் அலை அனேகமாகக் கேட்காது. "இது காலேஜ்ல முதல் பாடம். எனக்குத் தெரியாததில்ல. சுவர்ல பட்டுத் தெறிச்சு வரும்போது எல்லா வாட்டமும் கலந்துடும்னு நினைச்சு விட்டுட்டேன். அந்த மண்டபத்துல தெருப்பக்கம் பெரிய ஜன்னல். நேரா வந்திருக்கு. படுத்தபடியே வந்திருக்கு. என் ஆன்டெனா நெட்டுக்குத்தா நின்னுகிட்டு, ஆள் இல்லைன்னு சொல்லியிருக்கு."

அன்று அவள் யார் வழியாகவும் சொல்லி அனுப்பவில்லை. நேராக அண்ணன் முன்னால் போய் நின்றாள். "டீச்சர்கிட்ட சொல்லிட்டு வந்துட்டேன். செயலாளர்கிட்டயும் போன்ல சொல்லிட்டேன். உங்க மேல தப்பில்ல. இனிமே என் ஆன்டெனா உங்க மைக்கைக் கேக்கணும். எப்படிப் பிடிச்சாலும் கேக்கணும். அதுக்கு நீங்க வேணும்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தான். "நான் என்ன பண்ணணும்?"

"மைக்கைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

"அது எனக்கு வரும்" என்றான்.

சொல்லும்போது சுலபமாக இருந்தது. ஆன்டெனா இப்போது நீளத்தை மட்டும் மாற்றினால் போதாது. நின்றும் கேட்க வேண்டும், படுத்தும் கேட்க வேண்டும். அதற்கு இன்னும் சில சுவிட்சுகள். ஒவ்வொரு சுவிட்சுக்கும் மின்சாரம் கொண்டுபோக மெல்லிய செம்புக் கோடு ஒன்று வேண்டும். வினை அங்கேதான். செம்பு என்றால் அது எங்கே இருந்தாலும் அலையைப் பிடிக்கும். கரண்டு கொண்டுபோக வைத்த கோடு, தானும் ஒரு ஆன்டெனாவாக ஆகிக்கொண்டு, உண்மையான ஆன்டெனாவின் பேச்சைக் கெடுத்தது. சுவிட்சைக் கூட்டக் கூட்ட ஆன்டெனா செவிடானது.

அண்ணி மெலிந்துபோனாள். பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்தாள். ஒரு நாள் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போய்விட்டு, அதே செருப்போடு திரும்பியும் வந்தாள். மேனேஜர் கெடு வைத்தார். கெடு தாண்டியது. இன்னொரு கெடு வைத்தார். "இந்த ஒரு வசதிக்காக மொத்தத்தையும் நிறுத்தி வெச்சிருக்கோம் மேடம்" என்று அவர் போனில் சொன்னது சமையலறை வரை கேட்டது. அன்று அண்ணி அழுதாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, சமாதானம் சொல்லத் தெரியாமல், அவள் முன்னால் இருந்த கம்பித் துண்டுகளை நீளவாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான்.

கடைசியில் அவள் செய்தது இரண்டு காரியம். தான் ஆசை ஆசையாக வைத்திருந்த சுவிட்சுகளில் பாதியைப் பிடுங்கிப் போட்டாள். மீதி இருந்தவற்றுக்குப் போகிற கோடுகளைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளுக்கு நடுவே கடுகளவு மின்தடைகளை வைத்தாள். சுவிட்சுக்கு வேண்டிய கரண்டு அவற்றைத் தாண்டிப் போகும். ரேடியோ அலைக்கு அந்த வழியில் ஓட முடியாது. நீலக் கூம்பு அறையில் அது சரியாக வந்தது. ஆனால் அந்த அறையை அவள் இப்போது முழுதாக நம்பத் தயாராக இல்லை.

அண்ணன் வீட்டுத் தெரு முனையில் பழைய கிடங்குக்குப் பின்னால் காலி மனை ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணன் அங்கே போய் மைக்கோடு நிற்பான். அண்ணி இந்தப் பக்கம் முக்காலிமேல் ஆன்டெனாவை வைத்துக்கொண்டு கை காட்டுவாள். நிமிர்த்திப் பிடி. சாய்த்துப் பிடி. படுக்கவை. திரும்பி நில். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" சொல்லி அலுத்துப்போய், அவன் செய்தித்தாளைக் கொண்டுவந்து வரி விளம்பரங்களை இரங்கற்பா படிக்கிற குரலில் வாசிக்க ஆரம்பித்தான். "இரண்டு படுக்கையறை… காற்றோட்டமான வீடு… சிறு குடும்பத்துக்கு மட்டும்…" வழியில் போன பெரியவர் ஒருவர் நின்று கேட்டுவிட்டு, "தம்பி, வாடகை எவ்வளவுன்னு சொல்லவே இல்லையே" என்றார். அண்ணி சிரித்த சிரிப்பில் முக்காலி ஆடியது. அத்தனை மாதங்களில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அப்புறம் அதே மண்டபத்தை ஒரு காலை நேரத்துக்கு வாடகைக்கு எடுத்தார்கள். பின்பக்கத் தெருவில் வேன். உள்ளே அண்ணன். கூப்பிட்டதும் டீச்சரும் வந்துவிட்டார். காலி நாற்காலிகளைப் பார்த்து, கையில் மைக்கைப் பிரம்பு மாதிரி நீட்டிக்கொண்டு, வீட்டுப்பாடம் எழுதாதவர்களை விளாசத் தொடங்கினார். நான் வேனுக்குள் அண்ணிக்குப் பின்னால் நின்றிருந்தேன். திரையில் அந்தச் சேனலுக்கு நேராகப் பச்சைக் கட்டம் இருந்தது. காலி என்று அர்த்தம். டீச்சர் மைக்கின் சுவிட்சைப் போட்டு இரண்டு வார்த்தை பேசுவதற்குள் கட்டம் சிவந்தது. ரேடியோ வேறு சேனலுக்குத் தாவிக்கொண்டது.

மேனேஜர் மூச்சை விட்டார். அண்ணி, "மறுபடியும்" என்றாள்.

மறுபடியும் செய்தார்கள். மைக்கை மார்போடு அணைத்து, தலைகீழாக, தோளுக்குமேல். அண்ணன் தன் பங்குக்கு மைக்கைத் தரையில் கிடத்திவிட்டு அதன்மேல் குனிந்து பாடினான். ஒவ்வொரு தடவையும் கட்டம் சிவந்தது. "மறுபடியும்" என்பதை அண்ணி நிறுத்தவே இல்லை. கடைசியில் டீச்சரே போனில், "ஏம்மா, எனக்குத் திட்டறதுக்கு இனிமே ஆளே இல்ல" என்றார். அப்போதுதான் அண்ணி இருக்கையில் சாய்ந்தாள். அழவில்லை, சிரிக்கவில்லை. "பசிக்குது" என்றாள்.

அந்த ரேடியோ இப்போது மீட்புப் படை வண்டிகளில் இருக்கிறது. வண்டிக் கூரையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெள்ளை மூடி தெரியும். அதற்குள்தான் அண்ணியின் பலகை. சிவப்பு விளக்கோடு வண்டி கடந்து போகும்போதெல்லாம் அண்ணன் எந்த வேலையில் இருந்தாலும் நிமிர்ந்து கூரையைப் பார்ப்பான். அந்தச் சங்கம் மட்டும் அவனைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. செயலாளர் போனில் "சரி, சரி" என்றாரே தவிர, அடுத்த வருஷ விழாவுக்கு வேறு ஆளை வைத்துவிட்டார். அண்ணிக்கு அது ஆறாத வருத்தம். அண்ணன் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

போன வாரம் நான் தேநீருக்கு நுழைந்தபோது அண்ணன் கூடத்தின் நடுவில் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றிருந்தான். அண்ணி வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, அவன் சட்டை முதுகில் பளபளவென்ற ஏதோ நூலால் வளையம் வளையமாகத் தைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வேலை இது: மீட்புப் படையினர் போட்டுக்கொள்ளும் சட்டையிலேயே ஆன்டெனா. மனுஷ உடம்பு பட்டால் ஆன்டெனாவின் குணம் மாறிவிடுமாம். அதனால் உடம்பு வேண்டும். உடம்புக்கு அண்ணன்.

"எவ்வளவு நேரமா நிக்கற?" என்றேன்.

"தெரியல. ஆடக் கூடாதாம். மூச்சு விடலாமான்னு உங்க அண்ணிகிட்ட கேட்டுச் சொல்லு."

அண்ணி குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து, "விடலாம். மெதுவா" என்றாள்.